சுகுமாறன் வாங்கிய பத்துக் கிலோ கடுகு

சுகுமாறன் அண்ணனைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதுவும் மெல்லிய சுவர். அவர் அங்கே தும்மினால் நான் இங்கே "ஆண்டவரே" என்பேன். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். என்னைவிடத் தகுதியான ஆள் ஒருவர் உண்டு, அவர் மனைவி ராசம்மா அக்கா. ஆனால் அக்காவிடம் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார். "பத்துக் கிலோ கடுகு வாங்கின மனுசன்" என்பார்.

அது நியாயமில்லை. கடுகு விஷயத்தில் அவர் செய்தது தப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அதற்கு முன்னால் ஐம்பத்து நான்கு வருடம் அந்த மனிதர் வாழ்ந்திருக்கிறாரே.

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பாமாயில் தொட்டிகளை அளக்கிற வேலை. நான்கு மாடி உயரத் தொட்டியின்மேல் ஏறி, இரும்பு நாடாவை உள்ளே இறக்கி, எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லையாம். இந்த "யாம்" நான் சேர்த்தது. அவர் சொல்லும்போது அது இருக்காது. துறைமுகத்தில் அவருக்கு "மில்லிமீட்டர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் பெருமை வேறு. நான் இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்றைக்கு, வரவேற்க வந்தவர் என் இரும்புக் கேட்டைப் பார்த்து, "இடது பக்கம் எட்டு மில்லி எறங்கியிருக்கு" என்றார். வாங்க, உட்காருங்க என்றெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த மில்லிமீட்டர்தான் கடுகு வாங்கப் போனார்.

இரண்டாயிரத்து இருபது மார்ச் மாதம். கிருமிக்குப் பயந்து நாடே கதவைச் சாத்திக்கொண்ட முதல் வாரம். வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போய்ச் சாமான் வாங்கலாம், குடும்பத் தலைவர் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் மலேசியாவில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஜென்மத்தில் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்காத குடும்பத் தலைவர்கள் ஆளுக்கொரு சீட்டைப் பிடித்துக்கொண்டு, எது சோம்பு எது சீரகம் என்று தெரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன, குடும்பத் தலைவர் நானேதான்.

ராசம்மா அக்கா ஒழுங்காகத்தான் எழுதிக் கொடுத்தார். இடது பக்கம் சாமான், வலது பக்கம் அளவு. முதல் வரி கடுகு, நூறு கிராம். இரண்டாவது வரி அரிசி, பத்துக் கிலோ. மூன்றாவது பருப்பு, இரண்டு கிலோ. இப்படியே போய்க் கடைசி வரியில் சவுக்காரம். மணியம் மளிகைக் கடையில் நீளமான வரிசை, ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளி. அண்ணன் முகக்கவசத்தோடு நின்றார். மூச்சு விட விட மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. சீட்டைப் படித்தவர் இடது பக்கத்தைச் சரியாகப் பிடித்தார், வலது பக்கத்தில் மட்டும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டார். கடுகுக்கு அரிசியின் அளவு விழுந்தது. அரிசிக்குப் பருப்பின் அளவு. கடைசியில் நின்ற சவுக்காரத்துக்கு அளவே கிடைக்கவில்லை, அதனால் அதை அவர் வாங்கவே இல்லை. கையைக் கழுவு, கையைக் கழுவு என்று நாடே கதறிக்கொண்டிருந்த வாரத்தில், சவுக்காரம் இல்லாமல், இரண்டு கிலோ அரிசியும் பத்துக் கிலோ கடுகுமாக வீடு வந்து சேர்ந்தார்.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"இது என்னங்க?"

"கடுகு."

"நான் எவ்வளவு எழுதினேன்?"

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சரசரப்பு கேட்டது. அந்த இடத்தில் "ஐயோ, மாத்திப் படிச்சிட்டேன் போல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், நானும் டிவி பார்க்கப் போயிருப்பேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தெரிஞ்சுதான் வாங்கினேன். நான் போர்ட்ல இருக்கிறவன். கப்பல் எல்லாம் நின்னுடுச்சு. இனிமே கடுகு எங்கேருந்து வரும்? ரெண்டு மாசத்துல இந்தத் தாமானே உன் வாசல்ல வந்து கையேந்தி நிக்கும், பாரு."

"அப்ப அரிசி?"

"அரிசி எப்படியும் வந்துடும்."

கப்பல் வந்தது. கடுகும் வந்தது. எங்கள் தாமானில், அதாவது இந்தக் குடியிருப்பில், ஒருத்தரும் கையேந்தி நிற்கவில்லை. ராசம்மா அக்கா கடுகை இரண்டு பெரிய பிஸ்கட் டின்களில் கொட்டி, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், அண்ணன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தார். "தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துடறேன். சொல்ற வரைக்கும் ஒரு பொட்டுக் கடுகு இந்த வீட்டை விட்டுப் போகாது" என்றார். இவர் சொல்லவில்லை. அவர் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டது கொஞ்ச நஞ்சமல்ல. சாம்பாரில் கடுகு, ரசத்தில் கடுகு என்றால் சரி, நியாயம். நூடுல்ஸைப் பிரட்டிச் செய்கிற மீ கோரெங்கில் கடுகு வெடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அண்ணன் வாயைத் திறக்காமல் தின்றார். அதோடு தன் பங்குக்கு அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். திருஷ்டி கழிக்கக் கடுகும் மிளகாயும் சுற்றிப் போடுவது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இவர் வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கைப்பிடி கடுகை அள்ளி, வீட்டைச் சுற்றினார், காரைச் சுற்றினார், மோட்டார் சைக்கிளைச் சுற்றினார். பிறகு என் கார். "அண்ணே, நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்கு இதெல்லாம் வேணாம்" என்றேன். "உனக்கு இல்ல ஜாக்லின், காருக்குத்தான்" என்று அவர்பாட்டுக்குச் சுற்றிவிட்டுப் போனார். என் கார் என்ன, எதிர்வீட்டுச் சீனர் வளர்க்கும் பூனைக்குக்கூட இந்தத் தெருவில் திருஷ்டி கிடையாது.

இப்படியே நாலரை வருடம் ஓடி, முதல் டின் காலியாகி, இரண்டாவது டின் பாதிக்குக் கீழே இறங்கிய நேரத்தில்தான் கடை விஷயம் வந்தது.

இருபத்தாறாம் ஆண்டு அவருக்கு அறுபது. வேலை ஓய்வு. அதை நினைத்து மனிதருக்கு உள்ளுக்குள் ஒரே கலக்கம். ஒரு நாள் கேட்டருகே நின்று என்னிடம் கேட்டார். "ரிட்டையர் ஆனப்புறம் நான் எதை அளக்கிறது ஜாக்லின்?" நான் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். சந்தைக்குப் பக்கத்தில் கட்டுகிற புதிய அங்காடியில் ஓர் இடம் எடுத்து, காலையில் பசியாறக் கடை போட வேண்டும் என்பது அவர் ஆசை. தேத்தண்ணி அவர் ஆற்றுவார். தோசை, இட்லி, வடை எல்லாம் அக்கா. அக்காவின் கைப்பக்குவம் எங்கள் தாமானுக்கே தெரியும். அக்கா இல்லாமல் அந்தக் கடை இல்லை.

அக்கா ஒரே பேச்சாகச் சொன்னார். "கடுகு தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அண்ணன் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டார். கடுகு தீர்ந்தால் கடை. என்னைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்தார். அக்காவோ அன்று மாலையே பின்கதவு வழியாக என் வீட்டுக்கு வந்து மனதில் இருந்ததைக் கொட்டினார். "முப்பது வருஷம் ஆச்சு ஜாக்கி. 'என் தப்பு'ன்னு இந்த மனுசன் வாயிலேருந்து ஒரு தடவை வந்திருக்கா? கல்யாணத்தன்னிக்குத் தாலியை வீட்டுல வச்சிட்டு வந்தாரு. அதுக்கும் ஐயரு ஞாபகப்படுத்தலைன்னாரு. கடைன்னா தெனம் பத்துத் தப்பு நடக்கும். பத்தும் என் தலையிலதானே விழும்? அந்த ஒரு வார்த்தை வராம நான் கரண்டியைத் தொட மாட்டேன்."

அவர் கேட்டதில் என்ன தப்பு? எனக்குத் தெரியவில்லை. இனி என் தப்புக்கு வருகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் வாசலில் நின்றார். உள்ளே ஒரு டம்ளர் அளவு கடுகு. "இதை எங்கேயாச்சும் கொட்டிடு. ராசம்மாகிட்ட சொல்லாதே" என்றார். டின்னைச் சீக்கிரம் காலி செய்கிற திட்டம். சரி என்று சத்தியம் செய்தேன். சாப்பிடுகிற பொருளைக் குப்பையில் போட எனக்குக் கை வராது, ஒரு காலி டப்பாவில் போட்டு வைத்தேன். புதன்கிழமை அக்கா வந்தார், கையில் ஒரு சில்வர் டம்ளர். "கடுகு இருந்தா கொடு ஜாக்கி, டின்னுல கொட்டணும். டின்னு சட்டு சட்டுனு கொறையுது. அவரு வாயைத் திறக்கிறதுக்குள்ள தீர்ந்துடும் போல. மணியம் கடையில வாங்கினா அவன் இவருகிட்ட உளறிடுவான். யாருகிட்டயும் சொல்லாதே" என்றார். அதற்கும் சத்தியம் செய்தேன். டப்பாவைத் திறந்து அதே கடுகை அளந்து கொடுத்தேன்.

அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது ஒரு காரணம். சிரிப்பு தாங்கவில்லை என்பது உண்மையான காரணம். ஞாயிற்றுக்கிழமை கடுகு முன்வாசல் வழியாக வரும், புதன்கிழமை பின்வாசல் வழியாகத் திரும்பிப் போகும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் ஃபாதரிடம் இந்தக் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

அண்ணன் சும்மா இருக்கிற ஆளா? வாராவாரம், இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சி ஒன்றை டின்னுக்குள் செங்குத்தாக இறக்கி, கடுகு நிற்கிற உயரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்தார். கோடு இறங்கவே இல்லை. "நானும் அள்ளுறேன், அவளும் சமைக்கிறா, மட்டம் அப்படியே நிக்குது. போன வாரம் ரெண்டு மில்லி ஏறியிருக்கு" என்று குச்சியைக் கொண்டுவந்து காட்டினார். முப்பத்தாறு வருடம் எண்ணெய் அளந்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். "ஜோகூர் ஈரக்காத்து, ஜாக்லின். கடுகு ஊதுது." நான் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இருமினேன்.

சிரிப்பெல்லாம் இந்த ஏப்ரலில் நின்றுவிட்டது. அங்காடியில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. முப்பதாம் தேதி வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்புதல் பாரத்தை நிரப்பி நகராட்சி மன்ற அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அண்ணன் கடிதத்தை மேசைமேல் வைத்தார். அக்கா டின்னைத் திறந்து காட்டி, "இன்னும் இருக்கே" என்றார். அந்த வாரம் அண்ணன் மூன்று தடவை வந்தார், அக்கா நான்கு தடவை வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சண்டை போட்டால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும். என் சிரிப்புக்காக ஒரு மனிதரின் ஆசை போகப் போகிறதே என்று வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமை வரட்டும், இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக்கூட அவர்கள் விடவில்லை.

அன்று பிற்பகல் மூன்றேகாலுக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் பையோடு முன்வாசலில் நின்றார். நனைகிறாரே என்று சமையலறைக்குள் கூட்டிவந்தேன். பையை மேசைமேல் வைத்தார். பின்கதவு திறந்தது. அக்கா, கையில் சில்வர் டம்ளர்.

அண்ணன் டம்ளரைப் பார்த்தார். அக்கா பையைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"என்னை மொறைக்காதீங்க" என்றேன். "அண்ணே, நீங்க கொண்டுவந்ததை அக்காதான் வாங்கிட்டுப் போனாங்க. அக்கா, நீங்க கொட்டினதைத்தான் இவரு அள்ளிட்டு வந்தாரு. ஒரு வருஷமா ஒரே கடுகுதான் சுத்துது. நான் சொல்லாம இருந்தது தப்பு. மன்னிச்சிடுங்க."

அண்ணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப கடுகு ஊதலையா?" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "திருட்டுத்தனமா அள்ளிக் கொட்டத் தெரியுது. அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. மணி மூணேகால். அஞ்சு மணிக்கு எடம் போயிடும். கடையே போனாலும் சொல்ல மாட்டீங்க, அப்படித்தானே?" என்றார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்தவர் மறுபடி மாட்டவில்லை.

"கண்ணாடியில ஆவி அடிச்சிடுச்சு. ஒரு வரி மாறிப் படிச்சிட்டேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"அது மட்டும் இல்ல. மணியம் மூட்டையைத் தூக்கிட்டு வந்தான். 'பத்துக் கிலோவாண்ணே?'ன்னு கேட்டான். அப்போ கண்ணாடி தெளிஞ்சிடுச்சு. மூட்டையை நல்லாப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு அது அதிகமா, கம்மியா, ஒண்ணும் புரியலை. பின்னால இருபது பேர் நிக்கிறாங்க. அம்பத்து நாலு வயசு. தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? ஆமான்னுட்டேன்." அக்கா பக்கம் திரும்பினார். "அன்னைக்கே இருபத்தாறு வருஷம் உன் கையால சாப்பிட்டிருந்தேன் ராசம்மா. வீட்டுக்கு எவ்வளவு கடுகு வேணும்னு எனக்குத் தெரியலை. அது என் தப்புதான்."

ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை. அக்கா கையைத் தட்டிச் சிரிப்பார், தெருவையே கூப்பிட்டுச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை என்றாலும் நானும் அழுதேன்.

"இதைச் சொல்ல ஆறு வருஷமா?" என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஒரு தாளிப்புக்கு எவ்வளவு போடுவே?" என்று கேட்டார் அண்ணன்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பைக்குள் மூன்று விரலை விட்டு எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் அந்தக் கடுகை ஒன்றுகூடச் சிந்தாமல் பைக்குள் திரும்பப் போட்டார். பிறகு சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பாரத்தை எடுத்தார். மனிதர் ஒரு வாரமாக அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். என்னிடம் பேனா வாங்கி, என் சமையல் மேசையிலேயே எழுதினார். கடையை நடத்துபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினார். உதவியாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, கையெழுத்துக்காக அக்காவின் பக்கம் தள்ளினார். அக்கா அதை இரண்டு தடவை படித்தார். "யாரு இப்படி எழுதச் சொன்னா?" என்றார். "உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றார் அண்ணன். அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே மழைக்கோட்டுக்குள் ஒண்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் மோட்டாரில் கிளம்பினார்கள். நான்கு மணிக்கே பாரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

மே மாதக் கடைசியில் கடை திறந்தது. மிச்சமிருந்த கடுகு, இரண்டு பேரிடமும் என்னிடமும் இருந்ததையெல்லாம் சேர்த்தால், ஒன்றரைக் கிலோ வரும். ஆறு வருடம் தீராதது, சட்னிக்கும் சாம்பாருக்குமாகப் பதினோரு நாளில் தீர்ந்துவிட்டது. தீர்ந்த அன்று நான் அங்கேதான் தோசைக்காக நின்றுகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள் என்று சரியான கூட்டம். அண்ணன் டின்னைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். பிறகு அத்தனை பேருக்கு முன்னாலும் உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"ராசம்மா, கடுகு தீர்ந்துடுச்சு. எவ்வளவு வாங்கணும்? எனக்குத் தெரியாது."

தோசைக்கல்லில் இருந்து அக்கா தலையைத் தூக்கவில்லை.

"அதை நான் பார்த்துக்கிறேன். நீங்க தேத்தண்ணி ஆத்துங்க."